யூனிட் 46 டாலர்: கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் வழியாக ஒரு பட்டம்

கலிஃபோர்னியாவில் மொத்தம் 116 கம்யூனிட்டி காலேஜ்கள், அதாவது பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டைப் படிக்கக்கூடிய அரசுக் காலேஜ்கள். செமஸ்டர் முறையில் நடக்கும் காலேஜ் எதுவானாலும் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் (வாரம் ஒரு மணி நேர வகுப்பு) 46 டாலர்தான். 2012 கோடையில் 36-இலிருந்து 46 ஆக்கினார்கள். அதன் பிறகு ஒரு டாலர்கூட ஏற்றவில்லை. அதே காலத்தில் ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கம் வீட்டு வாடகை எங்கிருந்து எங்கே போனது என்பது அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு செமஸ்டருக்கு 15 யூனிட் எடுத்தால் 690 டாலர். ஆண்டுக்கு 1,380. பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிப்போகத் தேவையான 60 யூனிட்டுக்கு மொத்தம் 2,760 டாலர். இதே முதல் இரண்டு ஆண்டுகளைக் கால் ஸ்டேட் என்கிற மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தால், 2025-26 கட்டணப்படி ஆண்டுக்கு 6,450 வீதம் 12,900 ஆகும். வளாகக் கட்டணம் தனி. யூ.சி. என்கிற கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் என்றால் ஆண்டுக்கு 14,000-க்கு மேல். விடுதியும் சாப்பாடும் சேர்ந்தால் அந்த 14,000 சின்னத் தொகையாகத் தெரியும். பிள்ளை வீட்டில் இருந்தபடியே காலேஜுக்குப் போய்வந்தால், உண்மையான மிச்சம் அந்த விடுதிச் செலவில்தான்.

நம் குடும்பங்களில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் எழுவது காசுக் கணக்கு அல்ல, மானக் கணக்கு. 'அவங்க பையன் பெர்க்லி, நம்ம பையன் கம்யூனிட்டி காலேஜா?' என்று கேட்பார்கள். இரண்டாண்டு கழித்து யூ.சி.யின் பெர்க்லி வளாகத்துக்கு மாறிப்போய்ப் படித்து முடித்தால், பட்டச் சான்றிதழில் பெர்க்லி என்று மட்டும்தான் இருக்கும். இது பின்வாசல் வழியும் அல்ல. 1960-இல் மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே இப்படித்தான் எழுதி வைத்தார்கள்: பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்குக்கு யூ.சி., மேல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலப் பல்கலைக்கழகம், விருப்பமுள்ள எவருக்கும் இரண்டாண்டுக் காலேஜ், அங்கிருந்து மேலே ஏற ஒரு வழி. யூ.சி.யின் எல்லா வளாகங்களும் வெளியிலிருந்து மாறி வருபவர்களில் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குத்தான் முன்னுரிமை தருகின்றன.

இவ்வளவு நல்ல ஏற்பாடாக இருந்தும், மேலே மாற வேண்டும் என்று நினைத்துச் சேர்பவர்களில் நான்கு ஆண்டுக்குள் மாறிப்போவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். மாநிலத் தணிக்கையாளர் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்கு இது. பணம் இல்லாமை, வேலை, குடும்பச் சுமை எல்லாம் இதில் உண்டு. ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இங்கே மூன்று, நான்கு ஆண்டு மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குக் காரணம் ஒன்றுதான்: எங்கே போகிறோம் என்று முடிவு செய்யாமல், எந்த வகுப்பில் இடம் இருக்கிறதோ அதில் சேர்ந்துவிடுவது. 46 டாலர் மலிவு என்பதால் தேவையில்லாத வகுப்பும் மலிவாகத் தெரிகிறது. பட்டம் ஓராண்டு தள்ளிப்போனால் ஓராண்டுச் சம்பளமும் தள்ளிப்போகிறது, அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஆகவே திட்டத்தைக் கடைசியிலிருந்து முதலுக்கு வரைய வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடப்பிரிவு என்பது முதலில். அதற்கு எந்தெந்த வகுப்பு என்பது அடுத்து. இந்த செமஸ்டரில் என்ன எடுப்பது என்பது எல்லாவற்றுக்கும் பிறகு.

அசிஸ்ட் தளத்தைப் படிக்கும் விதம்

இதற்கான கருவி அசிஸ்ட் என்ற அரசு இணையதளம். இலவசம். எந்தக் காலேஜிலிருந்து, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்த ஆண்டு என்ற மூன்றையும் தேர்ந்து பாடப்பிரிவைச் சொடுக்கினால் இரண்டு பத்தி கொண்ட ஒரு பட்டியல் வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் வகுப்பு. வலப்பக்கம் அதற்கு ஈடாக உங்கள் காலேஜில் இருக்கும் வகுப்பு. பார்க்க எளிதாகத்தான் இருக்கும். தடுக்கி விழுவது நுணுக்கங்களில்.

வலப்பக்கத்தில் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே 'மற்றும்' என்று இருந்தால் இரண்டையும் முடித்தால்தான் இடப்பக்க வகுப்புக்கு ஈடாகும். 'அல்லது' என்றால் ஒன்று போதும். அவசரத்தில் பார்ப்பவர்கள் இதை மாற்றிப் படித்துவிடுகிறார்கள். வலப்பக்கம் 'ஈடான வகுப்பு இல்லை' என்று வந்தால் இரண்டு வழி உண்டு. பக்கத்துக் காலேஜில் அந்த ஒரு வகுப்பை மட்டும் எடுக்கலாம், அல்லது மாறிப்போன பிறகு அங்கேயே எடுக்கலாம். எது நல்லது என்பது அந்த வகுப்பு கட்டாயப் பட்டியலில் இருக்கிறதா, பரிந்துரைப் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. போட்டி அதிகமுள்ள பிரிவுகளில் 'பரிந்துரை' என்று இருப்பதையும் கட்டாயம் என்றே எடுத்துக்கொள்வது நல்லது. அதை முடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள்.

ஒரே பாடப்பிரிவுக்கு வளாகத்துக்கு வளாகம் கேட்கும் வகுப்புகள் வேறு. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஒரு வளாகம் வேதியியலைக் கேட்காது, இன்னொன்று இயற்பியல் மூன்று வகுப்பும் கேட்கும், மூன்றாவது ஒரு குறிப்பிட்ட நிரலாக்க மொழியில் படித்திருக்க வேண்டும் என்னும். நான்கைந்து வளாகங்களின் பட்டியலை அச்செடுத்துப் பக்கத்தில் பக்கம் வைத்து, எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதை முதலில் அடிக்கோடிடுங்கள். முதலாண்டு வகுப்புகள் பெரும்பாலும் அதிலிருந்தே கிடைத்துவிடும். ஒவ்வொரு வளாகமும் தனியாகக் கேட்பவற்றை இரண்டாமாண்டுக்குத் தள்ளலாம்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கவுன்சிலரை, அதாவது காலேஜின் கல்வி ஆலோசகரைப் பார்க்கப் போக வேண்டும். 'நான் என்ன எடுக்கணும்?' என்று வெறுங்கையோடு போனால் அரை மணி நேரத்தில் பொதுவான ஒரு தாள்தான் கிடைக்கும். ஒரு கவுன்சிலருக்குப் பல நூறு மாணவர்கள். எஞ்சினியரிங்குக்குப் போகிறவரின் சிக்கல் எல்லாக் கவுன்சிலருக்கும் அத்துப்படி என்று சொல்ல முடியாது. பல காலேஜ்களில் டிரான்ஸ்ஃபர் சென்டர் என்று தனியாக ஒன்று இருக்கும், யூ.சி. வளாகங்களின் பிரதிநிதிகளும் அவ்வப்போது அங்கே வந்து உட்காருவார்கள். அவர்களிடம் கேட்பது இன்னும் நல்லது. வாய்வார்த்தையை நம்பாமல் மின்னஞ்சலில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கணிதச் சங்கிலி

எஞ்சினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ், இயற்பியல், வேதியியல் என்று போகிறவர்களுக்கு இரண்டு ஆண்டா மூன்று ஆண்டா என்பதைத் தீர்மானிப்பது கணிதம். கால்குலஸ் ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ். முதல் மூன்றையும் வரிசையாகத்தான் எடுக்க முடியும். இயற்பியலும் மூன்று, நான்கு வகுப்பு கொண்ட தொடர். அதன் முதல் வகுப்புக்கே கால்குலஸ் முன்தேவை. முதல் செமஸ்டரில் கால்குலஸ் ஒன்றில் உட்காராதவருக்கு இரண்டு ஆண்டில் எல்லாவற்றையும் முடிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம், கோடை வகுப்பு எடுத்தால் ஒழிய.

முன்பெல்லாம் ஒரு தேர்வு வைத்து, கணக்கில் பின்தங்கியவர்களைக் கீழ்நிலை வகுப்புகளுக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர்களில் பலர் மேலே வந்து சேரவே இல்லை. 2017-இல் வந்த ஏ.பி. 705 சட்டமும் 2022-இல் வந்த ஏ.பி. 1705 சட்டமும் அந்த முறையை ஏறத்தாழ ஒழித்துவிட்டன. உயர்நிலைப்பள்ளி மதிப்பெண்ணை வைத்தே நேராகப் பல்கலைக்கழகத் தர வகுப்பில் போடுகிறார்கள். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து அறிவியல், பொறியியல் பக்கம் போகும் மாணவர்களில் பெரும்பாலோர் நேரே கால்குலஸுக்கு. அடித்தளம் பலவீனமானவர்களுக்குக் கூடவே ஒரு துணை வகுப்பு உண்டு. அந்தத் துணை வகுப்பை வெட்கப்படாமல் எடுங்கள். திரிகோணமிதி தடுமாறும் மாணவருக்குக் கால்குலஸ் இரண்டில்தான் பல்லிளிக்கும். அதற்குள் பாதி வழி வந்திருப்பார்.

பே ஏரியா என்கிற சான் ஃபிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரத்தில் ஒரு தனிப் பொறி உண்டு. கூபர்டினோவின் டி ஆன்சாவும் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸின் ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறையில், அதாவது ஆண்டுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று சிறு பருவங்களாக நடப்பவை. யூனிட் 31 டாலர், 60-க்குப் பதில் 90 யூனிட். மொத்தச் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். ஃப்ரீமாண்டின் ஓலோனி, சாண்டா கிளாராவின் மிஷன், லிவர்மோரின் லாஸ் பொசிடாஸ் எல்லாம் செமஸ்டர். செமஸ்டர் காலேஜில் மூன்று வகுப்பில் முடியும் கால்குலஸ், டி ஆன்சாவில் 1ஏ, 1பி, 1சி, 1டி என்று நான்காகப் பிரிந்திருக்கிறது. டி ஆன்சாவில் 1ஏ, 1பி முடித்துவிட்டுக் கோடையில் மிஷனுக்குப் போய் மூன்றாவது வகுப்பை எடுக்கலாம் என்று நினைத்தால் நடுவில் ஒரு துண்டு விட்டுப்போகும். அந்தத் துண்டு எந்தக் காலேஜிலும் தனி வகுப்பாகக் கிடைக்காது. ஒரு தொடரை எங்கே தொடங்கினீர்களோ அங்கேயே முடியுங்கள். வரலாறு, பொருளியல் போன்ற தனி வகுப்புகளை எங்கே எடுத்தாலும் பாதகமில்லை.

பொதுப்பாடங்கள் இப்போது முன்பைவிட எளிது. யூ.சி.க்கு ஒன்று, கால் ஸ்டேட்டுக்கு ஒன்று என்று இருந்த இரண்டு பட்டியல்களுக்குப் பதிலாக 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்குக் கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல், 34 யூனிட். ஒவ்வொரு வகுப்பிலும் சி அல்லது அதற்கு மேல் வேண்டும். சி மைனஸ் செல்லாது. வகுப்பு எண்களையும் மாநிலம் முழுக்க ஒன்றாக்கத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் அந்த வேலை இன்னும் முடியவில்லை. எஞ்சினியரிங்குக்குப் போகிறவர்கள் பொதுப்பாடத்தை முதலில் முடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. அவர்களைச் சேர்க்கும்போது பல்கலைக்கழகம் முதலில் பார்ப்பது கணிதத்தையும் இயற்பியலையும்.

உத்தரவாதங்கள், அவற்றின் எல்லை

டேக் என்று ஒன்று இருக்கிறது, யூ.சி. தரும் சேர்க்கை உத்தரவாதம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ தருவதில்லை. ஆறில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும்போதே யூ.சி. ஏற்கும் 30 யூனிட் முடிந்திருக்க வேண்டும். செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் அவகாசம், ஒரு நாள் தவறினாலும் அவ்வளவுதான். எல்லாப் பாடப்பிரிவுக்கும் இது கிடையாது. சாண்டா பார்பராவின் எஞ்சினியரிங் கல்லூரி டேக் ஏற்பதே இல்லை. போட்டி மிகுந்த பிரிவுகளை மற்ற வளாகங்களும் விலக்கி வைப்பதுண்டு, கேட்கும் மதிப்பெண் சராசரியும் வளாகத்துக்கும் பிரிவுக்கும் ஏற்ப மாறும். அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் மாறுவதால் போன வருடம் சேர்ந்த அக்கம்பக்கத்துப் பிள்ளை சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டேக் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடுபவர்களும் உண்டு. டேக் விண்ணப்பம் வேறு, சேர்க்கை விண்ணப்பம் வேறு. அக்டோபர் 1-இல் தொடங்கும் யூ.சி. விண்ணப்பத்தையும் தனியாகப் போட்டு, அதில் அதே வளாகத்தையும் அதே பிரிவையும் குறிப்பிட்டால்தான் உத்தரவாதம் செல்லும்.

கால் ஸ்டேட்டுக்கு இருப்பது வேறு ஏற்பாடு. 2010-இல் வந்த எஸ்.பி. 1440 சட்டத்தின்படி, டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம் என்கிற இரண்டாண்டுப் பட்டம் பெற்றவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் மூன்றாம் ஆண்டில் ஓர் இடம் உறுதி, மீதி 60 யூனிட்டில் பட்டம். 'அமைப்பில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சான் ஹோசே ஸ்டேட்டில் இடம் உறுதி என்று அதற்குப் பொருள் இல்லை. அங்கே கிடைக்காவிட்டால் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் வேறொரு வளாகத்தைக் காட்டலாம். யூ.சி. கனவும் இருந்தால் இந்தப் பட்டத்தை மட்டும் நம்பி வகுப்புகளை எடுக்கக்கூடாது, அதன் பட்டியலும் யூ.சி. கேட்பதும் பல பிரிவுகளில் பொருந்தாது.

யூனிட்டை அளவுக்கு மீறிச் சேர்த்தால் பயனும் இல்லை. இரண்டாண்டுக் காலேஜில் எவ்வளவு படித்தாலும் யூ.சி. பட்டத்துக்குக் கணக்கில் எடுப்பது அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட். அதற்கு மேல் படித்தது பாடமாக ஏற்கப்படும், யூனிட்டாக ஏறாது.

சேர்வதும் விலகுவதும்

விண்ணப்பம் சிசிசி அப்ளை என்ற தளத்தில். கட்டணம் இல்லை, மறுப்பும் இல்லை. ஆனாலும் சில ஆண்டுகளாக இங்கே ஒரு புதுத் தலைவலி. உதவித்தொகையைச் சுருட்டுவதற்காகப் போலி ஆள்களின் பெயரில் கணினி நிரல்கள் விண்ணப்பம் போட்டு, இணையவழி வகுப்புகளில் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அதனால் அசல் மாணவர்களுக்கும் அடையாளச் சோதனை, தாமதம். விண்ணப்பித்த மறுநாளே வகுப்பில் சேர்ந்துவிடலாம் என்று எண்ணாமல் ஏப்ரல், மே மாதத்திலேயே போட்டுவிடுவது நல்லது.

சேர்ந்த பிறகு மூன்று வேலைகள்: அறிமுக வகுப்பு, கணித ஆங்கில நிலை நிர்ணயம், கவுன்சிலரோடு உட்கார்ந்து முழுக் கல்வித் திட்டம். இவற்றை முடித்தவருக்கு வகுப்புப் பதிவில் முன்தேதி கிடைக்கும். முடிக்காதவர் கடைசியில் பதிவார். அதற்குள் காலை 10 மணிக் கால்குலஸும் நல்ல பேராசிரியரின் வேதியியல் ஆய்வக வகுப்பும் நிரம்பியிருக்கும். அப்போதும் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு முதல் நாளே வகுப்பில் போய் உட்காருங்கள். வராதவர்களைப் பேராசிரியர்கள் முதல் வாரத்திலேயே நீக்குவார்கள், காலியான இடத்துக்கான அனுமதி எண் வகுப்பில் இருப்பவர் கைக்குத்தான் போகும். இணையவழி வகுப்பு என்றால் முதல் வாரப் பணியைச் செய்து முடிப்பதுதான் வருகைப் பதிவு. வெறுமனே உள்நுழைந்தால் போதாது.

வாரத்துக்கு ஒரு யூனிட்டுக்கு வகுப்பில் ஒரு மணி, வீட்டில் இரண்டு மணி என்பது கணக்கு. 15 யூனிட் என்றால் வாரம் 45 மணி நேரம். அதோடு 30 மணி நேர வேலையும் பார்க்கிறவர் ஏதாவது ஒன்றில் சறுக்குவார். 12 யூனிட் எடுத்துக் கோடையில் இரண்டு வகுப்பைச் சேர்த்துக்கொள்வது அப்படிப்பட்டவருக்குத் தோது.

வகுப்பு ஒத்துவரவில்லை என்றால் எப்போது விலகுவது என்பது முக்கியம். வழக்கமான செமஸ்டர் வகுப்பில் முதல் இரண்டு வாரத்துக்குள் விலகினால் பணம் திரும்பும், சான்றிலும் தடம் இருக்காது. அதற்குப் பிறகு, பருவத்தின் முக்கால் பங்கு வரை விலகினால் டபிள்யூ என்ற எழுத்து ஏறும், அதற்கு மேல் போனால் மதிப்பெண்தான். ஒன்றிரண்டு டபிள்யூவை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரே வகுப்பை மூன்று முறைக்கு மேல் எடுக்க முடியாது, டபிள்யூவும் அந்த மூன்றில் ஒன்றாகக் கணக்காகும். சி வாங்கிவிட்டு ஏ-க்காகத் திரும்ப எடுக்கவும் முடியாது. டி, எஃப் வந்தால்தான் மறுவாய்ப்பு. அதனால் இரண்டாவது வாரக் கடைசியில் முதல் தேர்வு எப்படிப் போனது என்று நேர்மையாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

46 டாலரையும் கட்டாமல் இருக்க

வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்குக் கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் அந்த யூனிட் கட்டணத்தையே தள்ளுபடி செய்கிறது. வருமானம் எதுவானாலும், முதன்முறையாக முழுநேரம் சேர்பவருக்கு முதல் இரண்டு ஆண்டு இலவசம் என்று பல காலேஜ்கள் தனியாக அறிவித்திருக்கின்றன. இரண்டுக்கும் நடைமுறையில் முதல் படி ஃபாஃப்ஸா என்ற மத்திய அரசின் உதவித்தொகைப் படிவம். பெற்றோர் சம்பளம் அதிகம், நமக்கு ஒன்றும் கிடைக்காது என்று அதை நிரப்பாமல் விடுவது நம்மவர்களிடம் பரவலான பழக்கம். குடியுரிமையோ பச்சை அட்டையோ இருந்தால் நிரப்பிவிடுங்கள், அது இல்லாமல் சில உள்ளூர் உதவித்தொகைக்குப் பெயரைக்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

மத்திய அரசின் பெல் கிராண்ட் அதிகபட்சம் ஆண்டுக்கு 7,395 டாலர் (2025-26). யூனிட் கட்டணம் தள்ளுபடியானவருக்கு இந்தப் பணம் புத்தகம், பஸ், சாப்பாடு என்று கைக்கு வரும். அதைத் தக்கவைக்க நிபந்தனைகள் உண்டு: மதிப்பெண் சராசரி நான்குக்கு 2.0, பதிந்த யூனிட்டுகளில் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு முடித்திருக்க வேண்டும். பருவத்தின் 60 விழுக்காடு முடிவதற்குள் எல்லா வகுப்பையும் விட்டுவிட்டால் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

புத்தகத்துக்கு 200 டாலர் கேட்கும் வகுப்புகள் இன்னும் உண்டு. வகுப்பு அட்டவணையில் 'புத்தகச் செலவு இல்லை' என்ற குறியீட்டை வைத்து வடிகட்டித் தேடலாம். அந்த வகுப்புகளில் ஓப்பன்ஸ்டாக்ஸ் போன்ற இலவசப் பாடநூல்களை வைத்தே நடத்துகிறார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குடும்ப வருமானம் நிஜமாகவே குறைவாக இருந்து, பிள்ளைக்கு 12-ஆம் வகுப்பிலேயே யூ.சி.யில் இடமும் கிடைத்துவிட்டால், கம்யூனிட்டி காலேஜ் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். யூ.சி.யின் ப்ளூ அண்ட் கோல்ட் திட்டம், மாநிலவாசிகளான, நிதியுதவித் தகுதியுள்ள மாணவர்களுக்குக் கல்விக்கட்டணத்தை முழுக்க ஈடுகட்டுகிறது. வருமான வரம்பு 80,000 டாலராக இருந்தது, 2025-26 முதல் 1 லட்சம். இரண்டு பக்கமும் கைக்கு வந்த உதவித்தொகைக் கடிதங்களை வைத்து ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த வழியில் மிச்சம் அதிகம் பிடிப்பவர்கள் என்னைக் கேட்டால் நடுத்தட்டுக் குடும்பங்கள்தான். உதவித்தொகை கிடைக்கும் அளவுக்கு வருமானம் குறைவில்லை, முழுக் கட்டணம் கட்டும் அளவுக்கு அதிகமும் இல்லை என்று நடுவில் நிற்பவர்கள்.

விசா வைத்திருப்பவர்களுக்கு

46 டாலர் மாநிலவாசிக்கு மட்டும். மற்றவர்களுக்கு அதன்மேல் யூனிட்டுக்கு 300 டாலருக்கும் கூடுதலாகப் பல காலேஜ்கள் கேட்கின்றன. மாநிலவாசி ஆவதற்குப் பருவம் தொடங்குவதற்கு முன் ஓராண்டுக்கு மேல் இங்கே வசித்திருக்க வேண்டும், தங்கிவிடும் எண்ணத்தைக் காட்டும் வரிப் படிவம், ஓட்டுநர் உரிமம் போன்ற ஆவணங்களும் வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் பெற்றோரின் வசிப்பிடமே கணக்கு. எச்-1பி வேலை விசாக்காரர்களும், எச்-4 விசாவில் இருக்கும் அவர்கள் குடும்பத்தாரும் இப்படி மாநிலவாசி ஆகலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் மாநிலவாசி ஆக முடியாது. எச்-4 பிள்ளைகள் ஃபாஃப்ஸா போட முடியாது, ஆனால் 46 டாலர் விகிதம் அவர்களுக்கும் உண்டு.

எச்-4 பிள்ளைகளுக்கு 21 வயது ஒரு கண்டம். அப்பா அம்மாவின் விசாவோடு ஒட்டியிருக்கும் தகுதி அன்றோடு போகும், பலர் எஃப்-1-க்கு மாறுகிறார்கள். மாறியதும் மாநிலவாசிக் கட்டணம் பறிபோகும் வாய்ப்பு அதிகம். யூ.சி.யில் அந்தக் கூடுதல் தொகை மட்டும் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல். 18-இல் தொடங்கி 20-இல் மாறிப்போகிறவருக்கு இந்த இடி மூன்றாம் ஆண்டின் நடுவில் விழும். கம்யூனிட்டி காலேஜில் ஓராண்டு கூடுதலாகத் தங்குவது இவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு செலவு. பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி அலுவலகத்திடம் பிறந்த தேதியைச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கிவிட்டு அப்புறம் இடத்தை ஒப்புக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து நேரே எஃப்-1 விசாவில் கம்யூனிட்டி காலேஜுக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். டேக் அவர்களுக்கும் உண்டு. ஆனால் பருவத்துக்குக் குறைந்தது 12 யூனிட் எடுக்க வேண்டும், அந்தக் கணக்கில் இணையவழி வகுப்பு ஒன்றுக்கு மேல் சேராது. பல்கலைக்கழக விலையைவிடக் குறைவு என்றாலும் மாநிலவாசி கட்டுவதைப் போலப் பல மடங்கு ஆகும்.

பள்ளியிலிருந்தே தொடங்குவது

உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் வகுப்பு எடுக்கலாம். பருவத்துக்கு 11 யூனிட் வரை கட்டணம் பெரும்பாலும் இல்லை. கோடையில் ஒன்று, பருவத்துக்கு ஒன்று என்று எடுத்தவர் 12-ஆம் வகுப்பு முடிக்கும்போது 20, 25 யூனிட்டோடு வருவார். ஆனால் 15 வயதில் அசட்டையாக எடுத்த வகுப்பில் டி வந்தால் அது காலேஜ் மதிப்பெண் சான்றில் ஆயுளுக்கும் நிற்கும், பின்னால் போகும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதைக் காட்டியாக வேண்டும். பிள்ளை கேட்டால் சேர்த்துவிடுங்கள். பெற்றோர் நச்சரிப்புக்காகச் சேர்ப்பது இந்த ஒரு விஷயத்தில் விலை கூடிய தவறு.

எங்கும் மாறாமல் கம்யூனிட்டி காலேஜிலேயே நான்காண்டுப் பட்டம் வாங்கும் வழியும் இப்போது சில துறைகளில் உண்டு. ஃபுட்ஹில்லில் பல் சுகாதாரம், ஸ்கைலைனில் சுவாச சிகிச்சை, மிராகோஸ்டாவில் உயிரி உற்பத்தி என்று. மேல்நிலை வகுப்புக்கு யூனிட் 130 டாலர், ஆக மொத்தம் நான்காண்டுப் பட்டம் 10,560 டாலர். இடங்கள் குறைவு. படித்து முடித்ததும் வேலைக்குப் போகிற துறைகள் இவை.

கடைசி ஆண்டின் நாள்காட்டி

செப்டம்பரில் டேக். அக்டோபர் 1 முதல் யூ.சி., கால் ஸ்டேட் விண்ணப்பங்கள், நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் தொடக்கத்தோடு முடியும். யூ.சி.க்கு வளாகத்துக்கு 80 டாலர், கால் ஸ்டேட்டுக்கு 70. வருமானம் குறைந்தவர்களுக்கு முதல் நான்கு வளாகங்களுக்குத் தள்ளுபடி உண்டு. யூ.சி. விண்ணப்பத்தில் 350 சொல்லுக்கு மிகாத நான்கு பதில்கள் எழுத வேண்டும். அவற்றில் ஒன்று, தேர்ந்த பாடப்பிரிவுக்கு எப்படித் தயாரானீர்கள் என்பது. மாறி வருபவர் எல்லாருக்கும் கட்டாயம். அம்மா அப்பா பட்ட கஷ்டத்தை அங்கே எழுத வேண்டாம். எடுத்த வகுப்பு, செய்த ப்ராஜெக்ட், வேலை இடத்தில் கற்றது, இவைதான் அதற்கான இடம்.

ஜனவரி மாதக் கடைசிக்குள் இலையுதிர் பருவ மதிப்பெண்களையும் வசந்தப் பருவ வகுப்புகளையும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். இதை மறந்தால் அரைகுறை விண்ணப்பத்தை வைத்தே முடிவெடுப்பார்கள். உதவித்தொகைக்கான கெடு வழக்கமாக மார்ச் 2. ஏப்ரலில் முடிவுகள் வந்துவிடும், யூ.சி.யில் இடத்தை ஒப்புக்கொள்ள ஜூன் 1 வரை அவகாசம்.

இடம் கிடைத்த கையோடு வசந்த வகுப்புகளில் ஒன்றைக் கைவிட்டுவிடுவது ஒவ்வோர் ஆண்டும் சிலர் செய்யும் காரியம். கொடுத்த இடம் விண்ணப்பத்தில் சொன்ன வகுப்புகளை முடிப்பதன் மேல் நிற்கிறது. விலக வேண்டிய நெருக்கடி வந்தால் விலகுவதற்கு முன் அந்த வளாகத்துக்கு எழுதிக் கேளுங்கள், பல நேரம் வழி சொல்வார்கள். சொல்லாமல் விலகினால் ஜூலையில் இடம் ரத்தாகிக் கடிதம் வரும். ஜூலை மாதத்திலேயே படித்த ஒவ்வொரு காலேஜிலிருந்தும் இறுதி மதிப்பெண் சான்று போய்ச் சேர வேண்டும், ஒரே ஒரு கோடை வகுப்பு எடுத்த காலேஜாக இருந்தாலும். அதோடு கால்-கெட்சி முடித்ததற்கான சான்றையும் கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான காலேஜ்களில் தனியாகப் படிவம் கொடுத்தால்தான் அது போகும். போகாவிட்டால் முடித்த பொதுப்பாடங்களை அந்த வளாகத்தின் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இன்னும் இரண்டு மூன்று எடுக்கச் சொல்வார்கள், அங்கே கேட்கும் விலைக்கு.